யோவேலின் வாக்கு யாருக்கு?

சிவகாசிக்கு மேற்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்புப் பகுதியில், கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூர் 1840-களில் உருவாயிற்று. அன்று அது திருநெல்வேலிச் சீமை. இன்று விருதுநகர் மாவட்டம். அதை நிறுவியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பர். பாளையங்கோட்டையில் இரேனியுஸ் பாதிரியாரிடம் கல்வி கற்று, பின் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் தொடர்பால், எந்த மிஷனிடமும் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்தவர். 1860-ஆம் ஆண்டு அவர் சபையில் ஒரு பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஆணும் பெண்ணும் அழுதனர். சிலர் அறியாத மொழிகளில் பேசினர். சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர். எபிரேய நபி யோவேலின் வாக்கே தங்கள் கண்முன் நிறைவேறுவதாக அவர்கள் கொண்டனர். மிஷன் பாதிரிமாருள் சிலர் இதை வியந்தும், சிலர் ஐயுற்றும் எழுதினர்.

நம்மை இங்கே ஈர்ப்பது அக்கிளர்ச்சி அன்று. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட வாக்கு. யூதேயாவில் வெட்டுக்கிளி அழிவைக் கண்டவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட ஒன்று, வானம் பார்த்த இந்தக் கரிசல் சீமைக்கு எவ்வாறு உரியதாயிற்று?

யோவேலின் நூல் மிகச் சிறியது. எபிரேய மூலத்தில் நான்கு அதிகாரங்கள். தமிழ் வேதாகமத்தில் மூன்று. எந்த அரசனின் காலம் என்று அதில் குறிப்பில்லை. யவனரைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆதலால் பாரசீகர் ஆட்சிக் காலத்ததாக அதைக் கொள்ளும் அறிஞர் பலர். வெட்டுக்கிளிக்கு மட்டும் நான்கு பெயர்களை அந்நூல் அடுக்குகிறது. பயிர் போயிற்று, ஆலயத்துக் காணிக்கை நின்றது, எக்காளம் ஊதி நோன்பு அறிவிக்கப்பட்டது. அதன்பின் தானியமும் திராட்சை இரசமும் எண்ணெயும் திரும்பி வரும் என்ற ஆறுதல். அதற்கும் அடுத்தபடியாகவே ஆவி பொழியப்படும் என்ற வாக்கு வருகிறது. புதல்வரும் புதல்வியரும் மட்டுமல்லர், அடிமைகளும் அதில் பங்கு பெறுவர்.

அரபி அறிந்த நம் வாசகர்களுக்கு இப்பகுதியின் எபிரேயச் சொற்கள் அந்நியமாகத் தோன்றா. ஆவி என்பது ‘ரூவஹ்’, நமது ரூஹ். மாமிசம் என்பது ‘பாசார்’, நமது பஷர். உரைப்பவர் ‘நாவி’, நமது நபி. ‘கோல் பாசார்’ என்றால் மனிதர் அனைவரும் என்றே சொல் அளவில் பொருள்படும். ஆயினும் அடுத்து வருவது ‘உங்கள்’ புதல்வர் என்ற முன்னிலைச் சொல். எனவே அந்த ‘அனைவரும்’ இஸ்ரவேலருக்குள் அடங்கியவரே எனக் கொண்ட யூத உரைகாரர் உண்டு. சிக்கல் முழுவதும் அந்த ஒரு ‘உங்கள்’ என்ற சொல்லில் இருக்கிறது.

கிறிஸ்தவ மரபு இதை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு இவ்வாக்கை எடுத்தாளும்போது, மூலத்தில் ‘அதன் பின்’ என்றிருப்பது ‘கடைசி நாட்களில்’ என்றாகிவிடுகிறது. மாற்றம் சிறிது, விளைவு பெரிது. வெட்டுக்கிளி மறைந்து, வரலாற்றின் முடிவு முன்னே வந்து நிற்கிறது. கிறிஸ்தியான்பேட்டை மக்கள் யோவேலை நேரே கேட்கவில்லை. பேதுருவின் வாய்வழியே கேட்டனர்.

அவர்கள் செய்ததைப் பிழை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. குறிப்பான காரணத்தை அன்று, சொல்லின் பொதுமையையே கொள்க என்பது நமது உஸூல் நூலோரும் ஏற்ற விதி. ஆனால் அதே நூலோர், வசனம் இறங்கிய காரணத்தை அறியாதவர் தப்ஸீர் செய்யலாகாது என்றும் எச்சரித்தனர். பொதுமையைக் கொள்வது ஒன்று. நபி நம்மையே, நம் ஆண்டையே குறித்தார் என்பது முற்றிலும் வேறு. அந்த எல்லை கடக்கப்பட்டதையும் வரலாறு காட்டிற்று. அருளப்பரின் இயக்கம் 1870-களில் திருவிதாங்கூரில் பரவியபோது, அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பவரின் கூட்டத்தார் இயேசுவின் மீள்வருகையை 1881-இல் எதிர்பார்த்தனர். ஆண்டு கடந்தது. அக்கூட்டம் யுயோமயம் என்ற தனிச்சமயமாக ஒதுங்கிற்று. அருளப்பர் 1867-இலேயே மறைந்துவிட்டமையால் இதைக் காணவில்லை.

இனி நம் பக்கம். நம் மேடைகளில் ஏசாயா 21-ஆம் அதிகாரம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: கழுதையின் மேல் வருபவர் ஈஸா (அலை), ஒட்டகத்தின் மேல் வருபவர் நம் நபி (ஸல்) அவர்கள். அங்கே எபிரேயத்தில் உள்ள ‘ரெகெவ்’ அரபியின் ‘ரக்ப்’ போன்றது. தனி ஒருவரை மட்டுமன்றி, ஊர்ந்து வரும் அணியையும் அது குறிக்கும். இரண்டு வசனம் தள்ளி, பாபிலோன் வீழ்ந்தது என்ற செய்தி வருகிறது. அதை முதலில் கேட்டவர்கள் அஞ்சியதும் ஆவலுடன் எதிர்நோக்கியதும் பாபிலோனின் வீழ்ச்சியையே. யோவேலின் வெட்டுக்கிளியைக் கிறிஸ்தியான்பேட்டையார் மறந்தனர் என்போர், பாபிலோனை மறக்கலாமா? நபியவர்களின் வருகை முன் வேதங்களில் உண்டு என்பது நமது ஈமானைச் சேர்ந்தது. இந்த ஒரு வசனத்தைத் தாங்குதூணாக்கும் தேவை அதற்கு இல்லை.

சுமார் கி.பி. 1000-இல் அல்பிரூனி தமது ஆஸாருல் பாகியா நூலில் இப்பொருளைத் தொட்டார். தானியேலின் எண்களையும் எழுத்துகளின் எண்மதிப்பையும் கொண்டு யூதரும் கிறிஸ்தவரும் போட்ட கணக்குகளை அவர் தயவின்றி உடைத்தார். இம்முறையில் எவரும் எதையும் நிறுவிவிடலாம் என்று காட்டினார். ஆனால் ஏசாயாவின் ஒட்டகத்திற்கு வந்தபோது, அவ்வளவு கூர்மையான அவரும் அதன் பொருள் வெளிப்படை என்று சொல்லிக் கடந்து சென்றார்.