செ. சுந்தரலிங்கம்

செல்லப்பா சுந்தரலிங்கம் (19 ஆகஸ்ட் 1895 – 11 பெப்ரவரி 1985) கணிதப் பேராசிரியர். வன்னியின் வவுனியாத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். ‘அடங்காத் தமிழன்’ என அழைக்கப்பட்டார்.

ஆசிரியப் பணி

யாழ்ப்பாணம் உரும்பிராயில் பிறந்தவர். பின்னாளில் பதில் மகாதேசாதிபதியாகப் பணியாற்றிய நீதியரசர் நாகலிங்கம் இவருடைய சகோதரர். ஒக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் கணிதம் பயின்று திரும்பி, கொழும்பின் பௌத்தக் கல்லூரியான ஆனந்தாவில் உப அதிபரானார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அமைச்சர் பதவி

1947 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, தேர்ந்தெடுக்கப்படும் 95 இடங்களில் 42ஐயே வென்றது. ஆட்சியமைக்கச் சுயேச்சைகளின் ஆதரவு தேவைப்பட்டது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க, அயல் தொகுதிகளான வவுனியாவிலும் மன்னாரிலும் வென்ற இரு தமிழ்ச் சுயேச்சைகளை அமைச்சராக்கினார். வவுனியாவின் சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகமும், மன்னாரின் க. சிற்றம்பலத்துக்குத் தபால், தொலைத்தொடர்பும் கிடைத்தன.

மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினை இருவரையும் பிரித்தது. 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது சுந்தரலிங்கம் சபையிலிருந்து வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டதும் பதவி விலகினார். சிற்றம்பலம் அமைச்சரவையிலேயே தொடர்ந்தார்.

பிற்கால அரசியல்

சுந்தரலிங்கம் 1952, 1956 தேர்தல்களில் வவுனியாவைத் தக்கவைத்தார். தனிச்சிங்களச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த இவர், 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கினார். தனித் தமிழ் நாடு வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்ற அரசியலில் முதலில் முன்வைத்தவர்களில் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 1960 மார்ச்சில் தொகுதியை த. சிவசிதம்பரத்திடம் இழந்தார்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதை முன்நின்று தடுத்தார். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டு, குற்றவாளியெனத் தீர்ப்பானது. தமிழரின் உரிமைக்காக அமைச்சுப் பதவியைத் துறந்தவர், தமிழருக்குள்ளேயே ஒரு சாராரின் வழிபாட்டு உரிமையை மறுத்தார். இவரைப் பற்றிய மதிப்பீடுகள் இன்றும் இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோடுகின்றன.