பாண், துண்டு, பேணி: ஈழத்துப் புழங்குசொற்களின் பிரதேச வேறுபாடும் சமூக வரலாறும்

ஒரே பொருளுக்கு இரு பிரதேசங்களில் இரு பெயர்கள் வழங்குவதைத் தமிழிலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தது. தொல்காப்பியம் திசைச்சொல் என ஒரு வகுப்பை வகுத்தது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டிய உதாரணங்களும் தாயைத் தள்ளை என்றும் தந்தையை அச்சன் என்றும் வழங்கும் அன்றாட வீட்டுச் சொற்களே. எனினும், எந்த நிலத்தார் எதனை எவ்வாறு கூறுவர் என்பதற்கு அப்பால் அம்மரபு செல்லவில்லை. ஒரு சொல் ஒரு பிரதேசத்தில் ஏன் நிலைத்தது, இன்னொன்றில் ஏன் நிலைக்கவில்லை என்ற வினா இலக்கணத்தின் எல்லைக்கு வெளியே, சமூக வரலாற்றின் எல்லைக்குள் உள்ளது. ஈழத்துத் தமிழ் மக்களின் உணவு, பாத்திரம், இருப்பிடம் ஆகியவை தொடர்பான சில சொற்களை அவ்வெல்லைக்குள் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தமிழகத்தவர் ரொட்டி என்றோ பிரெட் என்றோ கூறுவதை ஈழத்தவர் பாண் என்பர். அங்கு நாற்காலி, இங்கு கதிரை. அங்கு அலுவலகம் அல்லது ஆபீஸ், இங்கு கந்தோர். பாணும் கதிரையும் போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோர் ஒல்லாந்தம் தந்தது. சப்பாத்து, துவாய், லேஞ்சி, வாங்கு, குசினி, தவறணை என இப்பட்டியலை நீட்டலாம். மேசை, சாவி, யன்னல், அலுமாரி போன்றவை சிறு ஒலி வேறுபாடுகளோடு தமிழகத்திலும் வழங்குவதால், அந்நியத் தொடர்பு மட்டுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கூறிவிட முடியாது. போர்த்துக்கேயர் இரு கரைகளுக்கும் வந்தனர். ஆனால் ஈழத்தின் கரையோரங்களை அவர்கள் நேரடியாக ஆண்டனர். யாழ்ப்பாண அரசு 1619 இல் அவர்களிடம் வீழ்ந்தது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னரும், போர்த்துக்கேயக் கலப்பு மொழியொன்று கரையோர நகரங்களில் பொதுத்தொடர்பு மொழியாகத் தொடர்ந்து வழங்கியது. ஆட்சி மாறியபோது சொற்கள் மாறாமைக்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

இவ்வகைச் சொற்களை இரு கூறாகப் பிரித்து நோக்குதல் பயனுடையது. தோம்பு, கந்தோர், நொத்தாரிசு, அப்புக்காத்து ஆகியவை நிலத்தையும் வரியையும் வழக்கையும் சார்ந்தவை. கதிரை, அலுமாரி, சப்பாத்து, பீரிசு ஆகியவை வீட்டுப் பொருள்கள். முன்னவை ஆட்சியின் கருவிகள். பின்னவை அவ்வாட்சியோடு இணங்கி வாழ்ந்தோரின் வீட்டுக்குள் முதலில் நுழைந்தவை. கதிரை என்ற சொல்லை ஊர் முழுவதும் அறிந்திருந்த காலத்திலும் அதில் அமரும் உரிமை ஊர் முழுவதுக்கும் இருக்கவில்லை. சொல் பொதுவாவதும் பொருள் பொதுவாவதும் ஒரே நிகழ்ச்சியல்ல என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பியர் வருகையை மட்டும் காண்பதும் குறைபாடே. சம்பல், தொதல், சாரம் என்பன மலாய்த் தொடர்பின் சின்னங்கள். தமிழகத்தார் லுங்கி அல்லது கைலி எனக் கூறும் உடையை யாழ்ப்பாணத்தார் சாரம் என்றும் கிழக்கிலங்கையார் சாரன் என்றும் கூறுவர். யாழ்ப்பாணத்தார் மிளகாய் என்பதைக் கிழக்கிலங்கையில் கொச்சிக்காய் என்பர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் வந்த இக்காயை ஒரு சாரார் தாம் முன்பே அறிந்த மிளகின் பெயரால் அழைத்தனர். மறுசாரார் வழக்கோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே வழங்கும் ஆணம் என்ற சொல் தமிழகக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் குழம்பைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்தார் பூண்டை உள்ளி என்பர். மலையாளத்தில் உள்ளி என்பது வெங்காயம். கடல்வழி வணிகமும் குடிப்பெயர்வும் இணைத்த இக்கரைகளை இன்றைய அரசியல் எல்லைகளைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ளல் இயலாது.

2

பாண் நானூறு ஆண்டுப் பழைமையுடைய சொல்லாயினும் அது உழைக்கும் மக்களின் அன்றாட உணவானது மிக அண்மையிலேயே. பெருந்தோட்டப் பொருளாதாரம் இலங்கையை இறக்குமதி அரிசியில் தங்கிய நாடாக்கியிருந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு தொடர்ந்தது, கோதுமை மா பரவியது. கூப்பன், சங்கக்கடை, அமெரிக்கன் மா என்னும் வழக்குகள் அக்காலத்தையும் அதை அடுத்த ஆண்டுகளையும் சார்ந்தவை. அரிசிமாப் புட்டும் குரக்கன் புட்டும் இருந்த இடத்தில் கோதுமை மாப் புட்டு வந்தபோது, மாவுக்கு முன் ஒரு நாட்டின் பெயரைச் சேர்க்க வேண்டிய தேவை மக்களுக்கு ஏற்பட்டது. உணவு எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்கள் தம் மொழியிலேயே பதிவு செய்து வைத்தனர்.

1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை அளவொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 1970களின் முற்பகுதியில் பாணுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. பெயர்ச்சொல்லாக அகராதியில் அடங்கிக் கிடக்கும் பாணும் அரிசியும் அரசுகளை அசைக்கும் ஆற்றலுடையவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

3

ஈழத்துத் தமிழ் என்ற தொடரைப் பயன்படுத்தும்போது நம் ஆய்வாளர் பலர் யாழ்ப்பாணத் தமிழையே கருதுகின்றனர். அவ்வாறு கருதுவோர் மலையகத்தின் துண்டு என்ற சொல்லைச் சற்று நோக்குதல் வேண்டும். தமிழகத்தில் துண்டு தோளிற் போடும் துணி. யாழ்ப்பாணத்தில் அதனைத் துவாய் என்பர். துண்டு என்பது பொதுவாக ஒரு பொருளின் கூறு அல்லது ஒரு சிறு காகிதம். ஆயின் தேயிலைத் தோட்டங்களில் இப்பெயர் ஒரு கடன் பத்திரத்துக்கு உரியதாயிற்று. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்வதாயின், அவர்கள் செலுத்த வேண்டிய கடனைக் குறித்துத் தோட்ட நிர்வாகம் ஒரு துண்டு வழங்கும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவர்களை ஏற்கும். கங்காணியின் கீழ் வந்தோர் கடனோடு சேர்த்தே கைமாறினர். இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இயல்பான தமிழ்ச் சொல் ஒன்று, எவ்வித அந்நிய மொழிக் கலப்புமின்றி, அடிமைத்தளைக்குப் பெயராயிற்று. அந்நியச் சொற்களை அகற்றிவிட்டால் மொழி தூய்மையுறும் என்போர் இத்தூய தமிழ்ச் சொல்லை எவ்வாறு தூய்மை செய்வர்?

லயம் என்ற சொல்லும் இத்தகையதே. வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. அங்குள்ள அறை காம்பரா. கண்டி இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் ஒருபோதும் ஆளவில்லை. எனினும் சிங்களத்தில் காமரய என வழங்கும் அவர்களது சொல், இங்கு தொழிலாளர் குடும்பமொன்றின் ஒற்றை அறைக்குப் பெயராகியுள்ளது. கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும் அவ்வறைக்குரிய உணவாயின. உலகத்துக்குத் தேயிலை கொடுத்தவர் பாலின்றித் தாம் பருகியதைச் சாயத்தண்ணி எனப் பெயரிட்டழைத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நம் சொல்லாராய்ச்சியும் அவர்களைப் புறத்தே நிறுத்துமாயின், அது அறிந்தோ அறியாமலோ அச்சட்டத்தின் வழியிலேயே செல்வதாகும்.

4

பிரதேச வேறுபாடு என நாம் கூறுவதன் உள்ளே வேறொரு வேறுபாடும் உறைந்துள்ளது. யாழ்ப்பாணத்துப் பருகு கலங்களின் பெயர்கள் இதனைத் தெளிவாகக் காட்டும். பனையோலையாற் செய்த பிளா, தேங்காய்ச் சிரட்டை, பேணி, மூக்குப்பேணி, செம்பு, கோப்பை என இவை பலவாகும். மூக்குப்பேணியில் வாய் படாது அண்ணாந்து பருகலாம். வாய் பட்டால் தீட்டு என்னும் கருத்துக்கு உலோகத்தில் வடித்த உருவம் அது. போர்த்துக்கேயரின் கொப்போ என்ற சொல்லோடு தொடர்புபடுத்தப்படும் கோப்பை, பிற இடங்களிற் பருகும் கலத்தைக் குறிக்க, யாழ்ப்பாணத்தில் உண்கலத்தையும் குறித்துச் சாப்பாட்டுக் கோப்பை என வழங்கும்.

இக்கலங்கள் ஒருவருக்கு எதில் ஊற்றலாம் என்ற சாதி ஒழுங்கின்படி பயன்பட்டன. தேநீர்க்கடைகளில் உயர்சாதியினர் உள்ளே அமர்ந்து பருக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெளியே சிரட்டையிலும் பேணியிலும் போத்தலிலும் ஊற்றப்பட்டது. தமிழகத்துக் கிராமங்களின் இரட்டைக் குவளை முறையோடு இது ஒப்பிடத்தக்கது. 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியும் நடைமுறை மாறவில்லை. 1966 அக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதனை மாற்றத் தொடங்கின. ஒரே வகைக் கலத்தில் தேநீர் பெறுவதற்காக மனிதர் இரத்தம் சிந்திய மண்ணில், சிரட்டை என்பது வெறும் பிரதேச வழக்கு எனக் குறிப்பெழுதிவிட்டு ஆய்வாளன் ஒதுங்கிவிட இயலாது.

5

1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது, முற்போக்கு எழுத்தாளர் தம் கதைகளில் மக்கள் பேச்சைக் கையாண்டதை இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் சிலர் பழித்தனர். அவ்வாதத்தில் முற்போக்காளர் வென்றனர். கே. டானியலின் பஞ்சமர் போன்ற நாவல்கள் அவ்வெற்றியின் விளைச்சல்கள். ஆயினும் நாம் நம்மையும் விமர்சித்தல் வேண்டும். நமது கதைகளிற் பாத்திரங்கள் மக்கள் மொழியிற் பேச, கதைசொல்லி பெரும்பாலும் செந்தமிழிலேயே எழுதினான். மக்கள் சொற்களை மேற்கோட் குறிக்குள் ஏற்றுக்கொண்டோம். நம் சிந்தனையின் சொற்களாக முற்றிலும் ஏற்றுக்கொள்ளவில்லை. இக்கட்டுரையின் நடையும் அக்குறைக்கு விலக்கன்று.

இன்று தேவைப்படுவது பிரதேசச் சொற்களின் வெறும் தொகுப்பன்று. ஒவ்வொரு சொல்லோடும் அப்பொருளை ஆக்கியவர் யார், பயன்படுத்தியவர் யார், பயன்படுத்தத் தடுக்கப்பட்டவர் யார் என்னும் செய்திகளும் பதியப்படல் வேண்டும். போரும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்துவிட்டன. மூக்குப்பேணி இன்று பெரும்பாலும் காட்சிப் பொருளாகிவிட்டது; பிளாவை அறியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. அப்பெயர்களை நினைவிற் கொண்டுள்ள முதியோர் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். பழம்பெருமை பேசுவதற்காக அன்றி, அக்கலங்கள் யாருக்கு மறுக்கப்பட்டன என்பதை அறிவதற்காக, பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அவர்களிடம் செல்லல் வேண்டும்.