சதுரகிரி மலைப்பாதை

சதுரகிரி மலைப்பாதை என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள தாணிப்பாறை என்னும் அடிவாரத்தில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள சுந்தர மகாலிங்கம் கோயிலைச் சென்றடையும் காட்டுவழி நடைபாதையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 7 முதல் 8 கிலோமீட்டர். ஊர்திகள் செல்லும் சாலை இல்லாததால் கோயிலுக்குச் செல்வோர் அனைவரும் நடந்தே ஏற வேண்டும். கோயிலுக்குத் தேவையான பொருள்களும் ஆட்களின் தலைச்சுமையாகவே மேலே செல்கின்றன. பாதை பல இடங்களில் மலையோடைகளைக் குறுக்கே கடக்கிறது. இந்த நடையின் எளிமையும் இடரும் பெரிதும் அவ்வோடைகளைப் பொறுத்தவை.

அமைவிடம்

தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைமேல் உள்ள கோயிலோ மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்துச் சாப்டூர் எல்லைக்குள் வருகிறது. ஆகவே பெருந்திரள் கூடும் நாட்களில் இரு மாவட்ட நிருவாகங்களும் வனத்துறையும் இந்து சமய அறநிலையத்துறையும் இணைந்தே ஏற்பாடுகளைச் செய்கின்றன.

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவில் என்னுமிடத்தில் பிரிந்து, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறையை அடையலாம். அருகிலுள்ள தொடர்வண்டி நிலையங்களுள் ஒன்றான திருவில்லிபுத்தூர், விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதையில் உள்ளது. சாப்டூர்ப் பக்கம் வாழைத்தோப்பு வழியாகவும், தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறை வழியாகவும் வேறு இரு பாதைகள் உள்ளன. இவற்றுள் தாணிப்பாறைப் பாதையே மிகுதியாகப் பயன்படுகிறது.

பெயர்க்காரணம்

கிழக்கில் இந்திரகிரி, மேற்கில் வருணகிரி, வடக்கில் குபேரகிரி, தெற்கில் ஏமகிரி என நாற்புறமும் மலைகள் சூழ்ந்திருப்பதால் சதுரகிரி என்னும் பெயர் வந்தது என்பர். நான்கு வேதங்களே நான்கு மலைகளாக நிற்கின்றன என்ற விளக்கமும் வழங்குகிறது. சித்தர்கள் உறையும் மலை என்ற நம்பிக்கையால் இது சித்தர் மலை எனவும் குறிப்பிடப்படுகிறது.

நிலமும் நீரும்

விருதுநகர் மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மலைச்சுவர் தடுத்துவிடுவதால், இம்மாவட்டம் பெரிதும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளது. சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றுவதற்கு இந்த வறண்ட தட்பவெப்பம் துணைநின்றது. அங்கிருந்து மேற்கே வத்திராயிருப்பை நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் நிலம் மாறித் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நெல்வயல்களும் தென்படுகின்றன. மலையோடைகளும், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் கண்மாய்களும் இப்பசுமைக்குக் காரணம். இப்பகுதியின் நீர் அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றில் கலக்கிறது. ஆகவே சதுரகிரி உள்ளிட்ட இம்மலைத்தொடரின் காடு, கீழேயுள்ள வறண்ட சமவெளியின் நீர்த்தேக்கமாகவும் விளங்குகிறது.

பாதையின் அமைப்பு

அடிவாரத்தில் முட்புதர்க் காடும், அதற்கு மேல் இலையுதிர் காடும் உள்ளன. ஓடைக்கரைகளில் மட்டும் உயர்ந்த மரங்கள் அடர்ந்து நிழல் தருகின்றன. வழியிலுள்ள இடப்பெயர்கள் பலவும் மரத்தையோ நீரையோ பாறையையோ குறிப்பவை. மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோணத்தலை வாசல், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை ஆகியவை அவற்றுட் சில. எழுத்தறியாதோருக்கும் புதிதாக வருவோருக்கும் இப்பெயர்களே வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் பயன்பட்டுள்ளன. வழுக்குப் பாறை என்ற பெயரைக் கேட்டவர் அங்கே காலை ஊன்றி வைப்பார். நாவல் ஊற்று என்ற பெயரைக் கேட்டவர் அதுவரை நாவறட்சியைப் பொறுத்துக்கொள்வார்.

இடைவழியில் கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், வனதுர்க்கை கோயில், பிலாவடிக் கருப்பசாமி கோயில் ஆகியவை உள்ளன. குகைகளும் பாறை இடுக்குகளும் மர நிழலும் நடப்போர் இளைப்பாறும் இடங்கள். இரட்டை லிங்கத்தில் ஒன்று சிவனையும் மற்றொன்று திருமாலையும் குறிப்பதாகக் கருதப்படுகிறது. மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்கள் உள்ளன. வழக்கமாக நடப்பவர் ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும்.

தொன்மமும் மேய்ச்சலும்

தலபுராணக் கதையில் பச்சைமால் என்னும் இடையர் இடம்பெறுகிறார். அவருடைய பசு ஒன்று தன் பாலைக் காட்டிலிருந்த துறவி ஒருவருக்குச் சுரந்து கொடுத்து வந்தது. அதைக் கண்டு சினந்த பச்சைமால் கோலால் அடிக்க, அடி துறவியின் மேல் பட்டது. துறவியாக வந்தவர் சிவனே என்பதும், அவர் அங்கேயே இலிங்க வடிவில் தங்கினார் என்பதும் கதை. சுந்தர மகாலிங்கம் சற்றுச் சாய்ந்த நிலையில் இருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இக்கதைக்கும் நிலத்தின் வாழ்க்கைக்கும் தொடர்பு உண்டு. பாதையில் பசுக்கிடை எனப் பெயர்பெற்ற இடம் உள்ளது. கிடை என்பது கால்நடைகளை இரவில் அடைத்து வைக்கும் இடமாகும். வத்திராயிருப்பு வட்டாரத்தில் மலைமாடுகளைக் காட்டில் மேய்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடை தேசியப் பூங்காக்கள், காட்டுயிர்ச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு உரியதாக வரையறுக்கப்பட்டது. சதுரகிரி அவ்வரையறைக்குள் வருவது. மலைமாடு வளர்ப்போரின் வாழ்வாதாரத்தை இது நேரடியாகத் தொடுகிறது.

தாணிப்பாறையில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பும் உள்ளது. தேன் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டுவது இம்மக்களின் மரபுத் தொழில்.

காட்டுயிர்கள்

இப்பகுதி 1988இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் காட்டுயிர்ச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் உருவானது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாகும்.

சாம்பல்நிற மலையணில் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. இது பெரும்பாலும் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிச் செல்வது. எனவே ஒன்றோடொன்று கிளை கோத்து நிற்கும் ஓடைக்கரை மரங்கள் இதற்கு இன்றியமையாதவை. நடப்போர் நிழலுக்காக நாடும் மரங்களும் இவ்வணில் கூடு கட்டும் மரங்களும் ஒரே ஓடைக்கரையில் உள்ளன. யானை, காட்டுமாடு, மிளா, கரடி, சிறுத்தை, புலி, வரையாடு ஆகியனவும் இம்மலைத்தொடரில் உண்டு.

விழாக்கள்

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மிகுதியானோர் மலையேறுகின்றனர். ஆடி அமாவாசை முதன்மையான விழா. விருதுநகர், மதுரை, தேனி மாவட்டங்களிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் அந்நாட்களில் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். தை அமாவாசை, மகா சிவராத்திரி ஆகியனவும் சிறப்பானவை. மலைமேல் பல அன்னதான மடங்கள் இயங்கி வந்தன; 2010களின் இறுதியில் அவை மூடப்பட்டன.

2015 வெள்ளம்

2015 மே மாதத்தில் அமாவாசை வழிபாட்டுக்காக மலையேறியோர் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர், பலர் உயிரிழந்தனர். கோடையில் ஓடைகள் வறண்டு கிடப்பதால் பாறைப் படுகைகளே நடக்கவும் அமரவும் வசதியான இடங்களாகத் தோன்றுகின்றன. ஆனால் சரிவு செங்குத்தானது. ஓடைகள் நீளம் குறைந்தவை. பாறை நீரை உறிஞ்சுவதில்லை. மேலே பெய்யும் கோடை இடிமழை குறுகிய நேரத்தில் கீழே வந்து சேர்ந்துவிடுகிறது. நடப்பவர் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரக்கூடும். ஓரோடையைக் கடந்தவர் அடுத்த ஓடையில் தடைப்பட்டு, முன்னும் பின்னும் செல்ல இயலாமல் இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும் நிலையும் இப்பாதையில் ஏற்படுகிறது.

கட்டுப்பாடுகள்

வெள்ளத்துக்கு முன் நாள்தோறும் மலையேற முடிந்தது. அதன் பின் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நான்கு நான்கு நாட்களாக, மாதத்தில் எட்டு நாட்கள் மட்டுமே அனுமதி வழங்கப்பட்டு வந்தது. மழை அறிவிப்பு, ஓடைகளில் நீர்வரத்து, காட்டுத்தீ ஆகியவற்றால் அனுமதிக்கப்பட்ட நாட்களிலும் தடை விதிக்கப்பட்டதுண்டு. 2020இல் கொரோனா பெருந்தொற்றுக் காலத்திலும் பாதை மூடப்பட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து 2025இல் நாள்தோறும் செல்ல மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. காலை வேளையில் மட்டுமே ஏறலாம். அன்றே இறங்கிவிட வேண்டும். நெகிழிப் பொருள்களைக் கொண்டு செல்வதும் மலையில் இரவு தங்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. சரணாலயப் பகுதி என்பதால் மூலிகைகளைப் பறிப்பதும் குற்றமாகும்.

நாட்களைக் குறைத்தால் ஒரே நாளில் கூட்டம் நெரிகிறது. நாட்களைக் கூட்டினால் காட்டுக்கு ஓய்வு குறைகிறது. இப்பாதை குறித்த வழக்குகளிலும் ஆணைகளிலும் வழிபாட்டு உரிமை, நடப்போர் பாதுகாப்பு, காட்டுயிர்ப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே எழுவதற்கு இதுவே காரணம். மழைக்காலத்திலும் கோடை மழை நாட்களிலும் செல்வோர் ஓடைநீர் திடீரெனக் கலங்கினாலோ அதில் இலைதழைகள் மிகுதியாக வந்தாலோ, படுகையை விட்டு உடனே கரையேறி உயரமான இடத்தில் காத்திருப்பதே பாதுகாப்பானது.