ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிட ஆசையா? வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

தலைகீழாகப் பறக்குது, குட்டிக்கரணம் போடுது, தரைக்கு ஒரு அடி மேலே வந்து அப்படியே நிக்குது. ரிமோட் கன்ட்ரோல் ஹெலிகாப்டர் வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஆசையாக வாங்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு நிமிஷம்கூட ஆகாமல் உடைத்துக்கொண்டு திரும்புபவர்களும் உண்டு. ஏன் இப்படி? புதிதாகத் தொடங்குபவர்கள் எதை வாங்கலாம், எப்படிப் பழகலாம்? பார்க்கலாம்.

டிரோன் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?

போதாது. கல்யாண வீடுகளில் பறக்கும் கேமரா டிரோனில் ஜி.பி.எஸ். இருக்கும். ரிமோட்டில் இருந்து கையை எடுத்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். மாடல் ஹெலிகாப்டர் பொதுவாக அப்படி நிற்காது. மேலே உள்ள பெரிய ரோட்டார் ஒரு பக்கம் சுழலும்போது, உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன ரோட்டார். அந்த வால் ரோட்டாரின் தள்ளுவிசையே ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் நகர்த்தும். அதனால் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கவே இரண்டு கைகளும் ஓயாமல் வேலை செய்யணும்.

எத்தனை வகை இருக்கு?

கோஆக்சியல்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர் திசையில் சுழலும். ரொம்ப நிதானமானது, வீட்டு ஹாலிலேயே ஓட்டலாம். ஆனால் லேசான காற்றுக்கே தடுமாறும்.

ஃபிக்ஸட் பிட்ச்: ஒரு பெரிய ரோட்டார், ஒரு வால் ரோட்டார். இறக்கையின் சாய்வுக்கோணம் மாறாது. மோட்டார் வேகத்தைக் கூட்டினால் மேலே ஏறும், குறைத்தால் இறங்கும்.

கலெக்டிவ் பிட்ச்: மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும், இறக்கையின் கோணம்தான் மாறும். வீடியோக்களில் தலைகீழாகப் பறப்பது இந்த வகைதான்.

புதியவர்களுக்கு ஏற்றது, கைரோ பொருத்தப்பட்ட 4 சேனல் ஃபிக்ஸட் பிட்ச் ஹெலிகாப்டர். எடை 250 கிராமுக்குள் இருப்பது நல்லது. சின்னது என்பதால் விழுந்தாலும் சேதம் குறைவு. வாங்கும்போதே உதிரி இறக்கைகள், கியர், கூடுதல் பேட்டரி கிடைக்குமான்னு கேட்டுக்கோங்க. உதிரி பாகம் கிடைக்காவிட்டால், ஒரே ஒரு விபத்தோடு அது ஷோகேஸுக்குப் போய்விடும்.

எடுத்ததுமே பெருசா வாங்கினா என்ன?

இங்கேதான் கவனம் வேணும். ஒன்றரை மீட்டர் அகல ரோட்டார் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், இறக்கை நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 565 கி.மீ. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பூங்கா ஒன்றில், தான் பறக்கவிட்ட மாடல் ஹெலிகாப்டரின் இறக்கை தலையில் பட்டு 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் அன்றுதான் முதல்முறையாக ரிமோட்டைத் தொட்டவர் அல்ல, இந்தப் பொழுதுபோக்கில் பழக்கம் உள்ளவர். பெரிய மாடல் ஹெலிகாப்டரைப் பொம்மை என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

எப்படிப் பழகுவது?

முதலில் சிமுலேட்டர். ரியல்ஃபிளைட் போன்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் ரிமோட்டை இணைத்து ஓட்டிப் பழகலாம். நூறு முறை விழுந்தாலும் செலவு இல்லை. மோட் 2 ரிமோட்டில் இடது ஸ்டிக் ஏற்ற இறக்கத்துக்கும் வாலைத் திருப்பவும், வலது ஸ்டிக் முன்பின், பக்கவாட்டு நகர்வுக்கும் பயன்படும்.

அடுத்தது ஹோவர், அதாவது ஒரே இடத்தில் மிதக்க விடுவது. வால் உங்களைப் பார்த்தபடி, ஹெலிகாப்டர் 3, 4 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒரு பேட்டரி முழுக்க இப்படி நிறுத்த முடிந்த பிறகு, பக்கவாட்டில் திருப்பிப் பழகுங்க. மூக்கு உங்களைப் பார்ப்பது கடைசிப் பாடம். அப்போது இடது வலது தலைகீழாகிவிடும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

பலரும் செய்யும் இன்னொரு தப்பு, பயந்துபோய் தரையை ஒட்டியே பறக்கவிடுவது. ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி வந்து ஹெலிகாப்டரை உலுக்கும். இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால்தான் நிதானமாக நிற்கும்.

மறக்கக் கூடாதவை

• ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு ஹெலிகாப்டரில் பேட்டரியை இணைக்கணும். முடிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றணும்.

• விழப்போகுது என்று தெரிந்தால் உடனே மோட்டாரை நிறுத்துங்க. இறக்கை சுழன்றபடி விழுந்தால்தான் ஷாஃப்ட், கியர், வால் குழாய் எல்லாம் சேர்ந்து போகும்.

• லிப்போ பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகக் கூடாது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கலாம், பயன்படுத்தவே வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீங்க.

• குழந்தைகள், தெருநாய், மின்கம்பி உள்ள இடங்கள் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் டிரோன் விதிகள் 2021, ஆளில்லா விமானங்களில் மாடல் விமானங்களையும் ஒரு பிரிவாகச் சேர்க்கிறது. வணிக நோக்கம் இல்லாமல் 2 கிலோ வரை எடையுள்ளதைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருது என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கலாம். பதிவு தொடர்பான நடைமுறைகளையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், சின்னதாக வாங்குங்க, சிமுலேட்டரில் விழுந்து எழுந்திருங்க, ஹோவர் கைக்கு வந்த பிறகு பெரிய ஹெலிகாப்டரைப் பற்றி யோசிங்க. குட்டிக்கரணம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்!