வாக்குச்சாவடி வாசலில் ஒரு கேள்வி

2004 நவம்பர் 21, உக்ரைன். அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று முடிந்த இரவில், விக்டர் யுஷ்செங்கோ தெளிவாக முந்துகிறார் என்றது, வாக்களித்து வெளியே வருபவர்களிடம் கேட்டுக் கணிக்கும் எக்ஸிட் போல். தேர்தல் ஆணையமோ விக்டர் யானுகோவிச்சுக்கு 49.5 சதவீதம், யுஷ்செங்கோவுக்கு 46.6 என்று அறிவித்தது. கீவ் நகரின் சுதந்திரச் சதுக்கத்தில் ஆரஞ்சுக் கொடிகளோடு மக்கள் திரண்டார்கள். கடுங்குளிரில் கூடாரம் போட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அதே மாதத்தில்தான் அமெரிக்காவிலும் எக்ஸிட் போல் ஜான் கெர்ரியை முன்னால் காட்டியது. எண்ணி முடித்தபோது வென்றவர் ஜார்ஜ் புஷ். உக்ரைனில் இதே வித்தியாசம் மோசடிக்கு அடையாளம் என்றால் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மட்டும் ஏன் இல்லை என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இந்தக் கணிப்பு பிறந்தது வேறொரு தேவைக்காக. 1967-இல் கென்டக்கி ஆளுநர் தேர்தலின்போது சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வாரன் மிடோஃப்ஸ்கி இதை நடத்தினார். சினிமா முடிந்து வெளியே வருபவர்களிடம் படம் எப்படி என்று விசாரிக்கும் சந்தை ஆய்வு உத்திதான் இதற்கு முன்மாதிரி. முடிவை முந்திச் சொல்ல வேண்டும், யார் ஏன் வாக்களித்தார் என்று அறிய வேண்டும்; நோக்கம் அவ்வளவுதான். எண்ணிக்கையைத் தணிக்கை செய்யும் வேலை பிற்பாடு அதன் தலையில் ஏற்றப்பட்டது.

ஊழியர் வாசலில் நிற்கிறார். வெளியே வருபவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருவரை நிறுத்தி, ஒரு தாளை நீட்டுகிறார். அவர் கையசைத்து மறுத்துவிட்டுப் போனால் அவருடைய வாக்கு பெட்டியில் இருக்கும், கணிப்பில் இருக்காது. ஒரு கட்சிக்காரர்கள் மட்டும் கூடுதலாக மறுத்தால் கணக்கு சாய்ந்துவிடும். அந்த அமெரிக்கக் கணிப்பை நடத்திய மிடோஃப்ஸ்கியும் எடிசன் ஆய்வு நிறுவனமும் 2005 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் விளக்கியது. முன்னிலைக் கணக்கில் சாவடிக்குச் சராசரியாக 6.5 புள்ளி பிசகியிருந்தது. கெர்ரிக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 56 பேரும் புஷ்ஷுக்கு வாக்களித்தவர்களில் 50 பேரும் பதில் சொல்லியிருந்தால் போதும், அத்தனை பிசகும் வந்துவிடும். கேட்டவர் இளவயதினராக இருந்த இடங்களிலும், வாசலிலிருந்து தள்ளி நிற்கவைக்கப்பட்ட இடங்களிலும் பிழை கூடியிருந்தது.

வெனிசுவேலாவில் நடந்தது இன்னும் கண்ணில் படும்படியான கோளாறு. 2004 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் ஹ்யூகோ சாவேஸைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்று வாக்கெடுப்பு. 59 சதவீதம் பேர் இறக்கச் சொன்னதாக எக்ஸிட் போல். எண்ணிக்கையில் ஏறக்குறைய அதே 59 சதவீதம் அவர் பக்கம். வாசலில் நின்று கேட்டவர்கள், அந்த வாக்கெடுப்பைக் கொண்டுவரப் பாடுபட்ட சுமாத்தே அமைப்பின் தொண்டர்கள்! கார்ட்டர் மையமும் அமெரிக்க நாடுகள் அமைப்பும் 150 சாவடிகளின் காகிதச் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட்டன. மோசடிக்குத் தடயம் கிடைக்கவில்லை.

உக்ரைனிலும் கணிப்பு ஒரே குரலில் பேசவில்லை. முதல் சுற்றில், ரகசியமாகத் தாளை நிரப்பிப் பெட்டியில் போடச் சொன்ன நிறுவனங்களுக்கு யுஷ்செங்கோ முன்னிலை கிடைத்தது. நேருக்கு நேர் கேட்டவர்களுக்கு யானுகோவிச். அதிகாரத்துக்கு அஞ்சும் ஊரில் முகம் பார்த்துக் கேட்டால் உண்மை வராது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இரண்டாம் சுற்றை விழவைத்தது கணிப்பு மட்டுமல்ல. யானுகோவிச்சின் கோட்டையான தோனெத்ஸ்கில் வாக்குப்பதிவு 96 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சாவடி விட்டுச் சாவடி போய் வாக்களித்ததாகப் புகார்கள் குவிந்தன. டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் முறைகேடுகளைக் காட்டி அந்தச் சுற்றையே ரத்து செய்தது. டிசம்பர் 26-இல் மீண்டும் வாக்குப்பதிவு. யுஷ்செங்கோவுக்கு 52 சதவீதம், யானுகோவிச்சுக்கு 44.