கலைக்களஞ்சியப் பணியில் மகளிர்

அறிவுத் துறைகள் அனைத்தையும் அகர வரிசையில் தொகுத்துத் தரும் நூலைக் கலைக்களஞ்சியம் என்கிறோம். அத்தகைய நூல்களுள் பெரும்புகழ் பெற்றது 1910-1911ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பிரிட்டானிக்காவின் பதினோராம் பதிப்பு. அதற்குக் கட்டுரை வழங்கியோர் ஏறத்தாழ 1,500 பேர். அவருள் பெண்கள் முப்பத்தைவர் அளவினரே. ஆயினும், அப்பதிப்பின் பொருளகராதியைத் தொகுத்த குழுவினர் மகளிரே ஆவர்; ஜேனட் ஹோகார்த் என்னும் அம்மையார் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். எழுதும் பணி பெரிதும் ஆடவர்க்கும், எழுதியதை அடுக்கும் பணி மகளிர்க்கும் என்பது அன்றைய ஏற்பாடு போலும்.

அக்காலத்தில் எழுதுவோரை ஆசிரியர் குழுவே தேர்ந்தெடுத்தது. ஆகவே, குறை யாருடையது என்பதில் ஐயமில்லை. 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் விக்கிப்பீடியா தோன்றியபோது அவ்வாயிற்காவல் நீங்கியது. இணைய இணைப்புடைய எவரும் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். ஊதியமில்லை, பட்டம் கேட்பாரில்லை, ஆணா பெண்ணா என்று வினவுவாருமில்லை. இனி மகளிர் பங்கு தானே உயரும் என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில் எழுதுவோருள் பெண்கள் 13 விழுக்காட்டையும் எட்டவில்லை; படிப்போருள்ளோ 31 விழுக்காட்டினர் பெண்களாயிருந்தனர். அவ்வாய்வில் பெண்கள் குறைவாகவே கலந்துகொண்டனர் என்று கணக்கிட்ட ஆய்வாளர் இருவர், 2013இல் அத்தொகையை 16 விழுக்காடு எனத் திருத்தினர். திருத்திய பின்னரும் அஃது ஆறில் ஒரு பங்கே.

காரணம் யாது? விக்கிமீடியா அறக்கட்டளையின் தலைமை நிருவாகியாயிருந்த சூ கார்ட்னர், பெண்கள் கூறிய காரணங்களை 2011இல் தொகுத்து வெளியிட்டார். ஓய்வின்மை, தன்னம்பிக்கைக் குறைவு, எழுதியதைப் பிறர் உடனே அழித்துவிடுதல், கருத்துரைப் பக்கங்களில் நிலவிய பூசல் ஆகியவை அவற்றுட் சில. முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இவை புதியன அல்ல. விடை அறிந்திருந்தும் கைதூக்காத மாணவியர் எத்துணைப் பேர்! 2015ஆம் ஆண்டிற்குள் மகளிர் பங்கை 25 விழுக்காடாக உயர்த்துவது கார்ட்னரின் குறிக்கோள். அது கைகூடவில்லை.

எழுதுவோர் ஒருசாராராய் இருப்பின் எழுதப்படுவதும் ஒருசார்பாய் அமையும் என்பதற்கு டோனா ஸ்டிரிக்லண்ட் தக்க சான்று. கனடிய இயற்பியலறிஞரான இவர், 1985இல் தம் ஆசிரியர் ஜெரார்ட் மூருவுடன் இணைந்து, மிகக் குறுகிய, ஆற்றல்மிக்க லேசர் துடிப்புகளை உருவாக்கும் வழியைக் கண்டவர். இன்று கண் அறுவை மருத்துவத்திலும் அம்முறை பயன்படுகிறது. மூருவைப் பற்றிய கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவில் பல்லாண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஒருவர் எழுதியளித்த கட்டுரையோ, அவருடைய சிறப்பைக் காட்டப் போதிய சான்றில்லை என்று 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாம் பெண்மணி ஸ்டிரிக்லண்ட். அவரைப் பற்றிய கட்டுரை அன்றுதான் ஏறியது.

மறுத்தவரைக் குறைகூறுவது எளிது. அவர் விதியைப் பின்பற்றினார் என்பதே உண்மை. பிறர் வெளியிட்ட நம்பத்தக்க சான்று வேண்டும் என்னும் விதி நல்ல விதியே. ஆனால், செய்தித்தாள்கள் எழுதாது விட்ட பெண்ணுக்கு அச்சான்று எங்கிருந்து வரும்?

இக்குறையைப் போக்க 2015இல் 'சிவப்பில் மகளிர்' என்னும் இயக்கம் தோன்றிற்று. கட்டுரை இல்லாத பெயர்கள் விக்கிப்பீடியாவில் சிவப்பு நிறத்தில் தோன்றும். அவற்றை நீலமாக்குவதே அவர்தம் பணி. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளுள் மகளிர் பற்றியவை 15 விழுக்காட்டளவிலிருந்து இருபதை ஒட்டி உயர்ந்துள்ளன. இலண்டன் இயற்பியலறிஞர் ஜெஸ் வேட் தனியொருவராகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாறுகளை எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்று, 117ஆம் தனிமம் காணும் பணியில் பங்குகொண்ட கறுப்பினப் பெண்மணி கிளாரிஸ் ஃபெல்ப்சைப் பற்றியது. அக்கட்டுரையும் சான்றின்மை கூறி 2019இல் நீக்கப்பட்டது. நெடிய வழக்காடலுக்குப் பின் 2020இல்தான் மீண்டும் இடம் பெற்றது.