முந்திரிக் கணக்கு முதல் முன்பேரம் வரை: எல்லை மலைகளில் எண்ணறிவும் பிழைப்பும்

நான்கு முந்திரி ஒரு காணி; நான்கு காணி ஒரு மா; ஐந்து மா ஒரு கால். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிச் சிறுவன் எண்சுவடியை வாய்விட்டு ஒப்பித்து மனத்தில் ஏற்றிய அளவைகள் இவை. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே, முந்திரியை மீண்டும் 320 கூறிட்ட கீழ்முந்திரி உண்டு. இத்தனை நுண்மை எதற்கு? நில அளவை, விளைச்சல் பங்கு, வட்டி, பொன் எடை ஆகியவற்றுக்கே. பின்னங்களைத் தாளின்றிப் பெருக்கத் தெரிந்தவனே கணக்கனாக முடிந்தது. எண்ணறிவு அன்றும் முதலில் ஒரு வேலைத் தகுதிதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் அமைந்த பாலக்காட்டில் இத்தகுதி வேறு வடிவம் கொண்டது. 1866இல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் விக்டோரியா கல்லூரியாக வளர்ந்தது. கல்பாத்தியில் 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதன் அங்குப் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரி வழியாக இயற்பியலாளராக உயர்ந்தார். ஆனால் அவரைப் போன்றோர் சிலரே. நிலத்தின் வருவாய் குன்றிய அக்கிரகாரக் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குக் கைகொடுத்தவை தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு என்னும் மூன்று திறன்கள். பட்டம் பெறக் காத்திருக்க வசதியில்லாத வீட்டில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்ச்சிச் சான்றிதழே பம்பாய் இரயிலுக்கான அனுமதிச் சீட்டாக அமைந்தது. மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு அங்குத் தென்னவர் குடியேற்றம் பெருகியிருந்தது. இவர்களைக் குமாஸ்தாக்கள் என்று எள்ளுவது எளிது. ஆயினும் வங்கி, காப்பீடு, தணிக்கை அலுவலகங்களின் பேரேடுகளைப் பிழையின்றி நடத்திய கைகளில் இவர்களுடையவையும் அடங்கும்.

தெற்கே, இன்றைய இடுக்கி மலைகளில் கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அங்கே எழுதத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை, எழுதப்பட்டவர் தொழிலாளி. செக்ரோலில் விழுந்த ஒரு கோடே ஒரு நாளின் கூலி. கங்காணி கொடுத்த முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது கடன்பட்டவருக்கு வாசிக்க இயலாத ஏட்டில் இருந்தது. ஒரே மொழி பேசிய இரு சாராரில் ஒரு சாராருக்கு எண் ஏணியாயிற்று; மற்றவருக்கு அதுவே விலங்கு.

தேயிலைக்கு அப்பால் ஏலக்காய் இருக்கிறது. வண்டன்மேடு, போடிநாயக்கனூர் ஏலக்கூடங்களில் காயின் நிறம், பருமன் ஆகியவற்றைக் கண்ணால் அளந்து விலை கூறும் வணிகர் உண்மையில் மழையையும் வரத்தையும் சேர்த்தே மதிப்பிடுகின்றனர். 2006இல் எம்.சி.எக்ஸ். பொருள் சந்தையில் ஏலக்காய் முன்பேர வணிகம் தொடங்கியது. ஒப்படைப்பு மையம் வண்டன்மேடு. மும்பைத் திரையில் நகரும் எண்ணுக்கும் மலைச்சரிவின் உலர்கூடத்துக்கும் அன்று நேரடித் தொடர்பு ஏற்பட்டது. 2018 வெள்ளத்துக்குப் பின் வரத்துக் குறைய, 2019 ஆகஸ்டில் கிலோ ஒன்றுக்கு உச்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. சில ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இத்தகைய ஏற்ற இறக்கத்தை அளக்க எண்சுவடியும் பேரேடும் போதா. நிகழ்தகவுக் கணிதம் வேண்டும்.

அக்கணிதத்தின் வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் தவிர்க்க இயலாதது. 1940இல் சென்னையில் ஓர் அறிவியல் ஆசிரியரின் மகனாகப் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம் சென்றபோது அவர் மனத்தில் இருந்தது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு, அதாவது ஒரு நல்ல வேலை. உடன் பயின்ற வரதராஜன், பார்த்தசாரதி, ரங்கா ராவ் ஆகியோரின் தோழமை அவரைத் தூய கணிதத்துக்குத் திருப்பியது. பெருவிலகல் கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். அரிதாக நிகழும் பேரிழப்பின் வாய்ப்பை மதிப்பிடக் காப்பீட்டாளரும் நிதியாளரும் இன்று அக்கோட்பாட்டை நாடுகின்றனர். பிழைப்புக்கான கல்வியையும் அறிவுக்கான கல்வியையும் எதிரெதிரே நிறுத்துவோர் இவ்வாழ்வைச் சற்றுக் கவனிக்கலாம்.

2015இல் பாலக்காட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மூணாறு வீதியில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் திரண்டனர். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் அவர்களே கணக்குக் கேட்டனர். உடன்பாட்டில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என எழுதப்பட்டது. இரண்டையும் கூட்டினால் சரியாக 20.